"கடற்கரையில படிக்க ஒரு புக் சொல்லு மக்கா": குமரிக்கு வரும் கூட்டாளிக்கு எந்த நாவலைக் கொடுப்பது?

ஏப்ரல் மாதம் பாதி தாண்டினால் நாகர்கோவில்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் கூட்டாளி கேட்பார்: "மக்கா, மே லீவுக்கு ஊருக்கு வாறேன். சங்குத்துறை பீச்சுல உக்காந்து படிக்க நல்ல புக் ஒண்ணு சொல்லுடே."

கேட்பது சின்ன விஷயம். பதில் சொல்வதில்தான் வில்லங்கம். தனக்குப் பிடித்த எண்ணூறு பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தால் கூட்டாளி பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். அதோடு அடுத்த வருஷம் கேட்கவும் மாட்டார். சும்மா பொழுதுபோக்காக ஏதாவது சொல்லிவிட்டால், "இது பஸ் ஸ்டாண்டுலயே கிடைக்குமே, இதுக்கா உன்கிட்ட கேட்டேன்?" என்பார். குமரியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே கடற்கரையில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால், அந்தக் கடலை யார் எழுதினார்கள் என்ற கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'பீச் ரீட்' என்பது எங்கிருந்து வந்தது?

கோடை விடுமுறைக்கென்று லேசான நாவல்களைத் தனியாக விற்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ரயில் பயணத்தோடு சேர்ந்து வளர்ந்தது. நகரத்து நடுத்தர வர்க்கம் கடலோர விடுதிகளுக்குப் போகத் தொடங்கியபோது, பதிப்பாளர்கள் அவர்களின் பெட்டிக்குள் வைக்க ஒரு சரக்கைத் தயார் செய்தார்கள். கதை வேகமாக ஓட வேண்டும். நடுவில் தூங்கி எழுந்தாலும் தொடர முடிய வேண்டும். தண்ணீர் பட்டு வீணானாலும் மனசு வலிக்கக் கூடாது. இவ்வளவுதான் இலக்கணம்.

தமிழில் இந்த வேலையைக் கடற்கரை செய்யவில்லை, ரயில்வே ஸ்டேஷன் கடை செய்தது. மாத நாவல்களும் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுஜாதாவும் ரயில் ஜன்னலோரத்தில் வாசிக்கப்பட்டவர்கள். இன்றைக்கும் ஒருவர் களைத்துப்போய் லீவுக்கு வருகிறார் என்றால் சுஜாதாவின் ஒரு கணேஷ்-வசந்த் கதையைக் கொடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. 'தரமான இலக்கியம்தான் கொடுப்பேன்' என்று அடம்பிடிக்கிற நண்பரால்தான் பலர் வாசிப்பையே விட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஊர்க் கடலைப் பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும் என்று கேட்பவருக்கு அது போதாது. அவருக்கு வேறு புத்தகம் வேண்டும்.

கலப்பையின் நாட்டில் கடல் எங்கே?

நாஞ்சில் என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயலும் குளமும் கோயிலும் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் சேர்த்து 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து தமிழகத்தோடு இணைந்தபோது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரை. நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள்.

இத்தனை கடல் இருந்தும் இந்த மண்ணின் பேர்பெற்ற எழுத்து நெடுநாள் கடலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' வேளாளர் வீட்டுச் சொத்துச் சண்டை. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நகரத்து முச்சந்தி. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் தெரு. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) வயலை ஒட்டிய கிராமத்தில் வசதியான வீட்டில் பெண் எடுத்த ஏழைப் பட்டதாரியின் அவஸ்தை. தங்கர் பச்சான் இதைத்தான் 2002-ல் 'சொல்ல மறந்த கதை' என்று படமாக்கினார். ஜெயமோகனின் 'காடு' (2003) மலை ஏறிவிடுகிறது. எல்லாமே படிக்க வேண்டியவைதான். ஆனால் நாகர்கோவிலில் இருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கடல் இவற்றின் நடுவில் வருவதில்லை.

காரணம் தெரியாததல்ல. சாதியும் மதமும் தொழிலும் சேர்ந்து கரையையும் உள்நாட்டையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. மீன் வாங்கத்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் அச்சகமும் வந்து சேர்ந்த வரிசையிலேயே எழுத்தும் வந்தது. கரைக்குக் கடைசியாக.

முதல் சிபாரிசு தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து

அந்தக் கோட்டைத் தாண்டிய புத்தகம் எது என்று ஒரே ஒரு பதில் கேட்டால், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) என்று தைரியமாகச் சொல்லலாம். மீரான் 1944-ல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். குழித்துறைப் பக்கமாக ஓடிவரும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதினார். 2019 மே மாதம் காலமானார்.

நாவலில் சுதந்திரத்துக்கு முந்தைய திருவிதாங்கூர். கடலோர முஸ்லிம் ஊர் ஒன்று. ஊரைத் தன் உள்ளங்கையில் வைத்திருக்கிறார் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. அவர் முன்னால் யாரும் நிமிர்ந்து பேச முடியாது. அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் வருகிறது, ஒரு வாத்தியார் வருகிறார். அது பொறுக்காமல் ஊர் என்ன ஆட்டம் ஆடுகிறது என்பதுதான் கதை. சொல்லும்போது கனமாகத் தெரியும். படிக்கும்போது வரிக்கு வரி குறும்பு. தன் சொந்தச் சமூகத்தின் மூடப் பழக்கங்களையும் அதிகாரத்தையும் கேலி செய்கிறவர், அந்த மனிதர்களை ஒரு இடத்திலும் வெறுப்பதில்லை.

மொழி மட்டும் முதல் இருபது பக்கம் படுத்தும். தமிழும் மலையாளமும் அரபியும் கலந்து பேசும் கரை அது. மீரானே மலையாளம் வழியாகப் படித்து வந்தவர். ஆகவே சென்னைக் கூட்டாளிக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பது நல்லது: "புரியாத சொல்லுக்கு நிக்காதே, வாயை விட்டுப் படி, தானா பிடிபடும்." மேற்குப் பக்கம் விளவங்கோட்டில் பாட்டி வீடு உள்ளவர்களுக்கு இந்த முன்னுரையே வேண்டாம். அவர்கள் முதல் பக்கத்திலேயே வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள்.

மீரானுக்கு 1997-ல் சாகித்திய அகாடமி விருது வாங்கிக் கொடுத்தது 'சாய்வு நாற்காலி'. வேலை எதுவும் செய்யாமல், வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றுகொண்டே பழைய குடும்பப் பெருமையில் சாய்ந்திருக்கும் முஸ்தபாக்கண்ணு என்ற மனிதரின் கதை. மார்த்தாண்ட வர்மா காலத்து முன்னோர் பெருமை ஒரு பக்கம். அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத மனைவி இன்னொரு பக்கம். இதில் கடல் குறைவு. சொத்து கரைந்த பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கதையாகவே தெரியாது. எந்தச் சமூகத்துக்காரராக இருந்தாலும் சரி.

'செம்மீன்' கொடுக்கலாமா?

கடல் நாவல் என்றதும் பலர் வாயில் முதலில் வருவது தகழியின் 'செம்மீன்'. மலையாளத்தில் 1956-ல் வந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. திருவிதாங்கூர்ப் பள்ளியில் தமிழ் படிக்காமல் வளர்ந்து, பதினெட்டு வயதுக்குப் பக்கத்தில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். ஆலப்புழைக் கரையின் பேச்சைத் தமிழில் அவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்ததற்கு இரண்டு மொழியும் தெரிந்த இந்த எல்லைப்புற வாழ்க்கையும் ஒரு காரணம்.

கடற்கரை வாசிப்புக்கு 'செம்மீன்' அளவுக்குப் பொருந்துவது அரிது. காதல், கடன், கடல், சாவு எல்லாம் உண்டு. ஒரே மூச்சில் ஓடும். ஆனால் மீனவக் குடும்பத்து நண்பருக்கு இதை நீட்டும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. வெளியிலிருந்து வந்து பார்த்தவர் எழுதிய கரை இது என்ற விமர்சனம் கடலோரத்தில் பழசு. ஒக்கி புயலில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தால் அதன் கொடுமை புரியும். புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. யாருக்கு, எந்த நேரத்தில் என்பதுதான் கணக்கு.

கிட்டத்தட்ட அதே கேள்வி வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலுக்கும் எழலாம். அவரும் கரைக்காரர் அல்ல. ஆனால் அவர் கரையை ஒரு பழங்கதைக்குள் அடைக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டைப் பின்னணியாகக் கொண்ட அந்தச் சின்ன நாவலில் பிலோமி என்ற பெண்ணின் காதல் தோற்கிறது. அவள் அப்பா குரூஸ் மைக்கேல் வல்லத்தையும் வீட்டையும் விற்க மனமில்லாமல் தவிக்கிறார். லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் சண்டை மூள்கிறது. இத்தனைக்கும் நடுவில் யாரையும் வில்லனாக்காமல் கதை நகர்கிறது. மாலை நாலரைக்கு முட்டம் பாறைப் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தால் இரண்டு மாலையில் முடித்துவிடலாம். 'அலைகள் ஓய்வதில்லை' படமும் 'கடலோரக் கவிதைகள்' படமும் எடுத்த முட்டம்தான். படத்தில் பார்த்த கரைக்கும் இந்த நாவலின் கரைக்கும் உள்ள தூரத்தை நண்பரே அளந்துகொள்ளட்டும்.

காசு செலவழிக்க யோசிக்கிறவருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978) உண்டு. ஊர் ஊராகப் போய்த் தங்கி, விசாரித்து எழுதும் பழக்கம் உள்ளவர் அவர். அடுத்த வருஷமே தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவர் உயிரோடு இருந்தபோதே தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கும். போனில் இறக்கிக்கொண்டால் போதும்.

கரைக்காரர்கள் பேனாவை எடுத்தபோது

2004-ல் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தது. குமரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருநெல்வேலிக் கடற்கரையில் உள்ள உவரிதான் அவர் ஊர். கப்பல் துறையில் வேலை. புயலில் சிக்கி நடுக்கடலில் மிதக்கும் மூன்று பேரில் தொடங்கி, அவர்கள் ஊரின் அரை நூற்றாண்டைப் பின்னோக்கிச் சொல்லும் நாவல். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மரத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை கட்டுமரத்தின் மேலேயே நின்று பேசுகிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து எழுதுவதற்கும் கடலில் இருந்து கரையைப் பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதைப் படித்தால் பளிச்சென்று தெரியும்.

ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் புத்தகம் இது. வார இறுதிக்கு மட்டும் வருகிற ஆளிடம் கொடுத்தால் வீண். பத்து நாள் லீவு எடுத்து வருகிறவருக்கு, அதுவும் பாதி நாளை மாமனார் வீட்டில் கழிக்க வேண்டியவருக்கு, வசதியான கனம். அடுத்து அவர் எழுதிய 'கொற்கை' (2009) ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2013-ல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. வெளியிட்டது நாகர்கோவில் காலச்சுவடு. அதை மணலில் வைத்துப் படிக்க முடியாது. தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

குமரியின் மேற்குக் கரைக்கே வர வேண்டும் என்றால் கிறிஸ்டோபர் ஆன்றணியின் 'துறைவன்' இருக்கிறது. நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரை நெருக்கமாக அடுக்கிய ஊர்கள் அந்தப் பக்கம். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் என்று பேர்பெற்ற தூத்தூர் வட்டாரம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது மாவட்டத்தில் அதிக இழவு விழுந்ததும் அங்கேதான். அந்த மக்களின் பேச்சும் பாட்டனார் காலத்துக் கதைகளும் அச்சில் வந்தது மிகக் குறைவு. நாவல் என்ற வகையில் கதைக்கட்டு சில இடத்தில் தளரும். அது பெரிய குறையாகத் தெரியாது, ஏனென்றால் உள்ளே இருக்கிற விஷயம் வேறெங்கும் கிடைக்காது. கதை வேண்டாம், தகவல் போதும் என்கிறவருக்கு வறீதையா கான்ஸ்தந்தினின் கட்டுரைத் தொகுப்பு 'அணியம்'. கடலோர ஊரில் பிறந்து விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். மீனின் வாழ்க்கையும் மீனவரின் வாழ்க்கையும் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்று இரண்டும் தெரிந்தவராகப் பேசுவார்.

மண்டைக்காட்டுக்குப் பிறகு ஒரு புத்தகம்

குமரியில் புத்தகம் சிபாரிசு செய்வது சில நேரம் வெறும் ரசனை விஷயமாக இருப்பதில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கோயில் திருவிழா நேரத்தில் மூண்ட கலவரம், துப்பாக்கிச் சூடு, அதைத் தொடர்ந்து கடலோர ஊர்களில் நடந்தவை எல்லாம் இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியவர்களின் நினைவில் அப்படியே இருக்கின்றன. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் போடப்பட்டது. வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்த பையன்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. இளைய தலைமுறை அதைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். இல்லையென்றால், அவரவர் பக்கத்தை மட்டும் சொல்வார்கள்.

பொன்னீலனின் 'மறுபக்கம்' (2010) இந்தக் கலவரத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட பெரிய நாவல். கலவர நாளை மட்டும் சொல்லாமல், அந்த வெறுப்பு எந்தெந்த நூற்றாண்டில் இருந்து சேர்ந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கிறது. விறுவிறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆவணங்களும் வாய்மொழிக் கதைகளுமாகக் கிளை பிரிந்து போகும். விடுமுறை மனநிலைக்கு ஒத்துவராத புத்தகம் என்பதும் நிஜம். ஆனாலும் உள்நாட்டுக்காரர் ஒருவர் கரைக்கார நண்பருக்கோ, கரைக்காரர் ஒருவர் உள்நாட்டு நண்பருக்கோ கொடுத்துவிட்டு, "முடிச்சிட்டுச் சொல்லு, ரெண்டு பேரும் மண்டைக்காடு கடற்கரைக்கே போய்ப் பேசலாம்" என்று சொல்லக்கூடிய புத்தகம் அதுதான். வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் சிபாரிசு அல்ல. நேரில் கொடுக்க வேண்டியது.

சிரிக்கத்தான் வேண்டும் என்கிறவருக்கு?

மறுபடி கவிமணியிடம் போகலாம். 'மருமக்கள் வழி மான்மியம்' சின்னப் புத்தகம். சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் முறையில், ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் புலம்பும் புலம்பல்தான் நூல் முழுக்க. அழ வேண்டிய கதையை அவள் சொல்கிற விதத்தில் சிரிப்பு அடங்காது. இப்படிக் கேலியும் எதிர்ப்பும் பெருகி வந்த காலத்தில்தான் 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. செய்யுள் என்று பயப்பட வேண்டாம். நாஞ்சில் நாட்டுச் சமையல்கட்டுப் பேச்சு அது. இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

எங்கே, எப்போது உட்கார்ந்து படிப்பது?

பகல் பன்னிரண்டு மணிக்கு மணலில் துண்டு விரித்துப் படுத்துப் படிப்பது சினிமாவுக்குச் சரி. மே வெயிலில் கண் கூசும், பக்கம் காற்றில் பறக்கும். சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் காலை ஆறரையில் இருந்து எட்டரை வரை, மாலை நாலரைக்கு மேல் என்று வைத்துக்கொள்வதே சுகம். உப்புக்காற்றில் பசை விட்டு அட்டை பிரியும். இரவல் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோவது நட்புக்கும் நல்லது. குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் வலை காயப்போடும் இடத்திலும் படகை இழுத்து ஏற்றும் வழியிலும் போய் உட்காரக் கூடாது. நமக்கு அது பீச். அவர்களுக்கு அது வேலைத்தளம். கேட்டால் நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரையில் 'கள்ளக்கடல்' வரும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி எங்கோ அடித்த புயற்காற்று எழுப்பும் நீண்ட அலை, சில நாள் பயணப்பட்டு இங்கே வந்து ஏறும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் திடீரென்று கரைக்குள் வந்துவிடும். திருடனைப் போல வருவதால்தான் மீனவர்கள் அந்தப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு விஞ்ஞானிகளும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். கிளம்பும் முன் போனில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் காலை நனைக்கக்கூட இறங்க வேண்டாம். அன்றைக்குப் படிப்பதற்கு வட்டக்கோட்டையின் மதில் மேல் நல்ல காற்று உண்டு, அல்லது நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. இந்தப் பட்டியலில் விலைக்குக் கிடைக்காத புத்தகம் ஏதாவது இருந்தால் முதலில் தேட வேண்டிய இடமும் அதுதான்.

ஜூன் முதல் தேதி பிறந்தால் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை தொடங்கி ஜூலை கடைசி வரை இருக்கும்; தென்மேற்குப் பருவமழையும் பக்கத்தில் வந்துவிடும். மே மாதத்தில் வர முடியாத கூட்டாளி அப்போது வந்தால் மணலில் உட்கார வழியில்லை. அவருக்கு 'ஆழி சூழ் உலகு' எடுத்து வைக்கலாம்.